மாத்திரை தீர்ந்த பிறகு

அன்புத் தங்கைக்கு,

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபையின் மருத்துவக் குழுவோடு மலாவிக்குப் போவதாகச் சொன்னாய். இரண்டு வாரம். நர்சிங் முடித்த முதல் வருடத்திலேயே இந்த மனசு வந்திருக்கிறது. தாராளமாகப் போய் வா.

நானும் இப்படிப் போனவள்தான். ஒரு கிராமத்தில் வயதான அம்மா ஒருவருக்கு பி.பி. 200/110 இருந்தது. பதினைந்து நாள் மாத்திரை கொடுத்தோம். மொழிபெயர்க்க நின்ற பையனிடம் அவர் ஏதோ கேட்டார். தீர்ந்துபோனால் யாரிடம் வருவது என்று கேட்கிறாராம். பதில் இல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் கிளம்புமுன் குழுத் தலைவரிடம் கேள்: அங்கே பக்கத்தில் எந்த சுகாதார நிலையம்? நாம் கொண்டுபோகும் மாத்திரை அங்கே கிடைக்குமா? நம் நோயாளிப் பதிவேட்டை அங்குள்ள நர்ஸிடம் கொடுத்துவிட்டு வருவோமா? இன்னொன்று, இங்கே அம்பத்தூரில் உன்னைச் செய்ய விடாத எதையும் அங்கே செய்யாதே. கேட்க ஆளில்லை என்பதால் ஏழையின் உடம்பு நமக்குப் பயிற்சிக்கூடம் ஆகிவிடாது.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு பதிலாக, சாமுவேல் கிறீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே ஊர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். படித்தவர்களோ அரசாங்க வேலை தேடி வெளியூர் போனார்கள். ஊரோடு தங்கி ஊராரைப் பார்க்கிற மருத்துவர் வேண்டுமென்று, 1864 முதல் தமிழிலேயே நடத்தினார். புத்தகம் இல்லை. அவரும் மாணவர்களுமாக உடற்கூற்றையும் அறுவை வைத்தியத்தையும் தமிழாக்கினார்கள். 1873-இல் அவர் கப்பலேறும்போது, அவரிடம் படித்து வெளியேறியவர்கள் அறுபது பேருக்கு மேல். அவர் போன பிறகும் ஜனங்கள் போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

உனக்கு இருப்பது இரண்டே வாரம். ஆனாலும் அங்குள்ள சுகாதாரப் பணியாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய். அவரிடமிருந்து நீயும் கற்றுக்கொள். சிச்சேவா மொழியில் பத்து வாக்கியமாவது பழகிக்கொள்.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டரவாக்கத்தில், ஒடிசா தொழிலாளர்கள் தங்கும் அறைகளுக்கு பி.பி. பார்க்கப் போகிறேன். நீயும் வா. போன வாரம் ஒருவரிடம், கற்றுவைத்திருந்த நாலு ஒடியா வார்த்தையில் உடம்பை விசாரித்தேன். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னார்.

அன்புடன்,
உன் அக்கா