கரம் கொடுத்தோருக்குக் கைம்மாறு

அல்லாஹு தஆலா தன் அடியார்களுக்கு உதவி செய்ய நாடும்போது, பெரும்பாலும் மனிதர்களின் கரங்களைக் கொண்டே அவ்வுதவியை அனுப்பி வைக்கிறான். பசித்தவனுக்கு உணவு இன்னொருவன் கையால் வருகிறது. வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்கு மீட்சி ஒரு படகோட்டியின் கையால் வருகிறது. அந்தக் கரங்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை எப்படித் தீர்ப்பது? மார்க்கம் இதற்கு வகுத்துள்ள முறை யாது? இதனை இம்மாதம் சற்றுச் சிந்திப்போம்.

வெள்ளத்தில் வந்த படகுகள்

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அண்டை மாநிலமாம் கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1924ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அம்மண் கண்ட மிகப் பெரிய வெள்ளம் அது. ஜூன் முதல் தேதி தொடங்கி ஆகஸ்ட் 19 வரை வழக்கமாக ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர் மழை பெய்யும். அவ்வாண்டு 2,346 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. அணைகள் நிரம்பி மதகுகள் திறக்கப்பட்டன. பம்பையும் பெரியாறும் சாலக்குடி ஆறும் ஊருக்குள் புகுந்தன. 400க்கும் அதிகமானோர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் தஞ்சம் புகுந்தனர்.

ராணுவத்தாரும் கடற்படையினரும் விமானப்படையினரும் தீயணைப்புத் துறையினரும் இரவு பகல் பாராது உழைத்தனர். ஆலுவா அருகே ஹெலிகாப்டரில் வந்து பெண்களைக் காப்பாற்றிய கடற்படையினருக்காக, ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ‘நன்றி’ என்று பெரிய எழுத்துக்களில் வண்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் படட்டும் என்று செய்த ஏற்பாடு!

ஆயினும் ஹெலிகாப்டர் இறங்க முடியாத தெருக்கள் ஏராளம். அங்கே சென்றவர்கள் மீனவர்கள். கொல்லத்திலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் மற்றக் கடற்கரைகளிலிருந்தும் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூருக்கும் ஆலுவாவுக்கும் விரைந்தார்கள். 650க்கும் அதிகமான படகுகள். 4,000க்கும் மேற்பட்ட மீனவர்கள். அவர்களால் மீட்கப்பட்டோர் சுமார் 65,000 பேர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. கடல் அவர்களுக்குப் பழகிய இடம். ஆனால் மூழ்கிய தெருவில் நீருக்கடியில் மதிற்சுவர் எங்கே, வாசல் தூண் எங்கே, மின்கம்பி எங்கே என்பது தெரியாது. மோதிச் சேதமடைந்த படகுகள் பல. படகே அவர்களின் பிழைப்பு என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்து, பெண்கள் மீட்புப் படகில் ஏறுவதற்குத் தம் முதுகையே படியாகக் கொடுத்தார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தெற்குக் கேரளத்திலும் நமது கன்னியாகுமரி மாவட்டத்திலும் கடலுக்குச் சென்ற மீனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. தேடும் பணி போதவில்லை என்று கடற்கரைக் கிராமத்தார் கண்ணீரோடு முறையிட்டனர். அந்தத் துயரம் நடந்து ஒன்பது மாதங்கூட முழுமையாக ஆகவில்லை. ‘எங்களுக்கு யார் வந்தார்கள்?’ என்று கேட்டு அவர்கள் கரையில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களோ படகை லாரியில் ஏற்றினார்கள்.

இரண்டு ஐயங்கள்

‘காப்பாற்றியவன் அல்லாஹ். அவனுக்கு சுக்ரு செய்தால் போதாதா?’ என்று சிலர் கேட்பதுண்டு. மனிதர்களுக்கு நன்றி காட்டத் தெரியாதவன், அல்லாஹ்வுக்கும் நன்றியுடையவனாக மாட்டான் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாகப் போதித்திருக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இந்த ஹதீஸைக் காணலாம். ஆகவே மனிதருக்குச் செய்யும் நன்றி இறைநன்றிக்குப் போட்டியன்று. அதன் ஒரு பகுதியே ஆகும்.

‘உதவியவர் மாற்று மதத்தவராயின்?’ என்பது இரண்டாவது ஐயம். தாயிபிலிருந்து மனம் நொந்து திரும்பிய நாயகம் (ஸல்) அவர்களுக்கு மக்காவில் நுழையப் பாதுகாப்பு அளித்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் இஸ்லாத்தைத் தழுவாமலேயே இறந்தவர். பத்ருப் போருக்குப் பின் கைதிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காகப் பரிந்து பேசியிருந்தால், அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்டுகள் பல கடந்தும், அவரே மறைந்தும் அந்த உதவி மறக்கப்படவில்லை! கேரளத்துப் படகுகளில் வந்தவர்கள் கிறிஸ்தவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள் என எல்லாருமே. எந்தக் கூரையில் நின்றவரையும் அவர்கள் மதம் கேட்டு ஏற்றவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 22ஆம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள். திருச்சூர் மாவட்டத்தில் ஒரு பள்ளிவாசல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்க, அருகிலிருந்த கோயிலார் தங்கள் மண்டபத்தைப் பெருநாள் தொழுகைக்குத் திறந்துவிட்டனர்.

நன்றியின் முறைகள்

முதலாவது, நாவு. உதவியவருக்கு ஈடு செய்ய முடிந்தால் செய்யவேண்டும். இயலாதபோது, ஈடு செய்துவிட்டோம் என்று மனம் நிறையுமளவு அவருக்காக துஆ செய்யவேண்டும். இது நபிவழி.

இரண்டாவது, ஈடு. 2018 ஆகஸ்ட் 29ஆம் தேதி கேரள அரசு திருவனந்தபுரத்தில் மீனவர்களை அழைத்துப் பாராட்டு விழா நடத்திற்று. நல்ல காரியம். பொன்னாடை அன்றைக்கு அழகு. உடைந்த படகுக்கோ பலகையும் இயந்திரமும் தேவை. படகுகளைச் செப்பனிடவும் எரிபொருளுக்கும் அரசு பணம் தர முன்வந்தது. கூலி வேண்டாம் என்று மறுத்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் மறுப்பது அவர்களின் பெருமை. அதைச் சாக்காக வைத்து நாம் கொடுக்காதிருப்பது நமக்குப் பெருமையாகாது.

மூன்றாவது, கண்ணில் படாதவர்களைத் தேடிச் சிறப்பித்தல். தண்ணீர் வடிந்தபின் சேறு அள்ளியவர்கள், கிணறு இறைத்தவர்கள், செத்த கால்நடைகளைப் புதைத்தவர்கள் எத்தனை பேர்! அச்சமயம் எலிக்காய்ச்சல் பரவிற்று. நோய்க்கஞ்சாமல் சேற்றில் இறங்கியவர்களின் படம் பத்திரிகையில் வருவது அரிது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த ஓர் எளிய பெண்மணி இறந்தபோது, இதைச் சிறிய விஷயமென்று எண்ணிச் சஹாபாக்கள் நாயகத்திடம் சொல்லாமலே அடக்கம் செய்துவிட்டனர். நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தறிந்து, அப்பெண்ணின் கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழவைத்தார்கள். மக்கள் சிறிதென்று நினைத்த உழைப்பு அவர்களுக்குச் சிறிதாகத் தோன்றவில்லை.

நான்காவது, மரியாதை. நன்றியின் உண்மையான சோதனை இதில்தான் இருக்கிறது. வெள்ளத்தன்று மீனவர் தோளைப் பற்றிக்கொண்ட கை, தண்ணீர் வடிந்தபின் மீன் கூடையோடு வாசலுக்கு வரும் பெண்ணை ‘எட்டி நில்’ என்று விரட்டலாமா? அவளோடு ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசலாமா? நம் தெருவைக் கூட்டுபவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், அவருக்கென்று தனிக் குவளை தேடலாமா? மேடையில் மாலை போட்டுவிட்டு வாசலில் முகம் சுளித்தால், அந்த மாலைக்கு என்ன பொருள்?

சகோதரர்களே! நம் ஊரில் தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர் யார், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் யார், ஏரிக்கரை உடைந்தால் மணல் மூட்டை சுமக்க ஓடுபவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அவர்களில் ஒருவரையேனும் சந்தித்து ஸலாமோ வணக்கமோ கூறி நலம் விசாரியுங்கள். வீட்டு விருந்துக்கு அழையுங்கள். உங்களோடு ஒரே பாயில் அமர்த்துங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.

வல்ல நாயன் நம்மை நன்றியுள்ள அடியார்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.