எரிமலைச் சரிவில் சைக்கிள்

ஈக்வடாரில் வழிகாட்டியோடு மலைச் சைக்கிள் பயணம் போக ஆசை. வயது 48. அந்த உயரத்தை என் உடம்பு தாங்குமா?
– வாசகி, கோவை

அவசரப்படாமல் போனால் தாங்கும். கீட்டோ நகரமே 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்குங்கள். கோட்டோபாக்சி எரிமலையில் ஏறத்தாழ 4,600 மீட்டர் வரை ஜீப்பிலேயே ஏற்றிவிடுவார்கள், பிறகு இறக்கம்தான். காலைவிடக் கைக்குத்தான் வேலை. எரிமலைச் சரளையில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தாதீர்கள். அடுத்து கிலோட்டோவா எரிமலை வாய் ஏரி. சனிக்கிழமை போனால் பக்கத்துச் சும்பாவா கிராமத்துச் சந்தையையும் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, காற்று பலம். காற்றுத் தடுப்புச் சட்டை அவசியம். தலைவலி, குமட்டல் வந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லிக் கீழே இறங்கிவிடுங்கள். தைரியமாகக் கிளம்புங்கள்!