மாணவர் விசா: பெறுதலும் பேணலும்

நம் குடும்பங்களில் பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகள் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்வது இன்று அரிய செய்தி அன்று. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர் 3,31,602 பேர். அந்நாட்டுக்கு மாணவரை அனுப்பும் நாடுகளுள் அவ்வாண்டு இந்தியாவே முதலிடம் பெற்றது. விசா கிடைத்த அன்று இனிப்பு வழங்கி மகிழ்கிறோம்; கவலை தீர்ந்தது என்றும் கருதிவிடுகிறோம். ஆனால் விசா பெறுவது பாதிப் பணியே. மாணவர் என்னும் தகுதிநிலையைப் படிப்பு முடியும்வரை காத்துக்கொள்வது மறுபாதி. இவ்விரண்டையும் அமெரிக்காவின் எஃப்-1 விசாவைக் கொண்டு இங்கே காண்போம்.

1. விசா வேறு, தகுதிநிலை வேறு

பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, அந்நாட்டின் நுழைவாயிலுக்குச் சென்று அனுமதி கேட்கும் உரிமையைத் தருகிறது. உள்ளே விடுவதா என்பதை விமான நிலையத்தில் உள்ள அதிகாரியே முடிவு செய்கிறார். உள்ளே சென்றபின் மாணவர் அங்குத் தங்குவதற்கு ஆதாரமாவது தகுதிநிலை. படிக்கும்போது விசாவின் நாள் முடிந்துவிட்டாலும், தகுதிநிலை குன்றாதிருந்தால் படிப்பைத் தொடரலாம். ஊருக்கு வந்து திரும்பும்போதுதான் புதிய விசா வேண்டும். மாறாக, விசாவில் இன்னும் பல ஆண்டுகள் எஞ்சியிருந்தாலும், தகுதிநிலையை இழந்தவர் அங்கே தங்க இயலாது. இவ்வேறுபாட்டை அறியாமையே பல துன்பங்களுக்கு வித்தாகிறது.

2. பெறும் முறை

முதற்படி கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல். அயல்நாட்டு மாணவரைச் சேர்க்க அரசின் சான்று பெற்ற கல்லூரி மட்டுமே ஐ-20 என்னும் படிவத்தை வழங்க இயலும். படிப்பின் பெயர், தொடங்கும் நாள், ஓராண்டுச் செலவு, அச்செலவுக்கான பணம் வரும் வழி ஆகியவை அதில் இருக்கும். அதன்பின் செவிஸ் என்னும் மாணவர் பதிவேட்டுக்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். 2019 முதல் இது 350 டாலர். அடுத்து டி.எஸ்-160 விண்ணப்பத்தை நிரப்பி, விசாக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். 2023 ஜூன் முதல் அது 185 டாலர். முதலில் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் புகைப்படமும் எடுக்கப்படும். பின்னரே துணைத் தூதரகத்தில் நேர்காணல் நடைபெறும். விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளை எவரும் காணுமாறு திறந்து வைக்க வேண்டும் என்னும் விதி 2025 ஜூனில் வந்தது.

3. நேர்காணல்

1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு உண்டு. விண்ணப்பிப்பவர் அங்கேயே குடியேற வருகிறார் என்று எடுத்த எடுப்பிலேயே அது கருதுகிறது. அவ்வாறு அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவருடையதே. அதற்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். இப்படிப்பு ஏன், இக்கல்லூரி ஏன், செலவை யார் ஏற்கிறார், படித்தபின் என்ன செய்வீர் என்னும் வினாக்களுக்கு மாணவர் தம் சொந்தச் சொற்களில் விடை கூற வேண்டும். மனப்பாடம் செய்த விடை எளிதில் வெளிப்பட்டுவிடும். இப்பிரிவின்கீழ் விசா மறுக்கப்பட்டாலும் அது நிலையான தடை அன்று. மீண்டும் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம்.

பொய் அப்படிப்பட்டதன்று. போலி மதிப்பெண் பட்டியல், சில நாளுக்கு மட்டும் கடனாகப் பெற்று வங்கியில் காட்டும் பணம், இல்லாத வருமானத்துக்குச் சான்று ஆகியவற்றை ஏற்பாடு செய்து தருவதாகக் கூறும் இடைத்தரகர் உண்டு. முக்கியமான செய்தியில் வேண்டுமென்றே பொய்யுரைத்ததாக முடிவு செய்யப்பட்டால், அந்நாட்டில் நுழையும் தகுதியே காலவரையறையின்றிப் பறிபோகும். தாளைத் தயாரித்தவர் தரகரே ஆயினும், விண்ணப்பத்துக்குப் பொறுப்பாளி மாணவரே. பொய்யாமையை அணுவிரதமாகக் கொண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

4. தகுதிநிலையைக் காத்தல்

அமெரிக்கா சென்றபின் கருத்தில் கொள்ள வேண்டியவை இவை:

அ) படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னதாக நுழைய இயலாது. சென்றவுடன் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆ) ஒவ்வொரு பருவத்திலும் முழுப் பாடச்சுமை ஏற்க வேண்டும். இளநிலை மாணவர்க்கு அது குறைந்தது 12 அலகுகள். முதுநிலையில் கல்லூரி வகுத்தபடி. கடினமாக இருக்கிறதென்று ஒரு பாடத்தைத் தாமே கைவிட்டால் தகுதிநிலை போய்விடலாம். நோயுற்றவர் மருத்துவர் சான்றுடன் முன் அனுமதி பெற்றுச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம்.

இ) வகுப்புகள் நடைபெறும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். வெளியே பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு அனுமதியின்றி வேலை செய்தல் பெருங்குற்றம். வேறு காரணத்தால் தகுதிநிலை இழந்தவர் 5 மாதங்களுக்குள் மீட்பு மனு அளிக்கலாம். அனுமதியற்ற வேலை செய்தவர்க்கோ அவ்வழியும் அடைபடும்.

ஈ) வீடு மாறினால் 10 நாட்களுக்குள் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

உ) ஊருக்கு வருமுன் ஐ-20 படிவத்தில் பயணக் கையொப்பம் பெற வேண்டும். ஐ-20இல் உள்ள முடிவு நாளுக்குள் படிப்பு நிறைவுறாதெனில், அந்நாளுக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

மாணவர் தங்கும் காலத்தை ஆண்டுக் கணக்கில் வரையறுக்கும் புதிய விதியொன்று 2025 ஆகஸ்டில் முன்மொழியப்பட்டது. விதிகள் இவ்வாறு மாறக்கூடியவை ஆதலின், நண்பர் சொல்லை நம்பாமல் கல்லூரி அலுவலகத்தைக் கேட்பதே முறை. ஒவ்வொரு முறை நுழைந்தபின்பும் ஐ-94 என்னும் வருகைப் பதிவைத் தாமே எடுத்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

5. இரு படிப்பினைகள்

கலிபோர்னியாவில் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் என்றொன்று இருந்தது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் அங்குச் சோதனையிட்டனர். கட்டணம் செலுத்தினால் போதும், வகுப்புக்கு வர வேண்டியதில்லை என்பதே அங்கு நடந்த வணிகம். சேர்ந்திருந்தோரில் பெரும்பாலார் இந்திய மாணவர். சிலர் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டனர். அதனை நடத்தியவர்க்கு 2014இல் 16 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில் மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகச் செய்தி வெளிவந்தது. அது குடியேற்ற அதிகாரிகளே மறைவாக நடத்திய பொறி; அங்கே ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. முதலில் பிடிபட்ட 130 மாணவருள் 129 பேர் இந்தியர். வகுப்பில்லாத கல்லூரி எதுவும் விசாவைக் காக்காது என்பதே இவ்விரண்டும் உணர்த்தும் பாடம்.

6. பெற்றோர் கடமை

நிலத்தை அடகு வைத்தோ வங்கியில் கடன் பெற்றோ பிள்ளையை அனுப்பிய குடும்பத்தில், மாதந்தோறும் பணம் அனுப்பும்படி பிள்ளையை நெருக்கினால் அவனை விதி மீறிய வேலைக்கு நாமே தள்ளியவர் ஆவோம். ஆகவே முழுப் படிப்புக்குமான செலவை வளாகத்துக்கு வெளியே கிடைக்கும் கூலியை எண்ணாமல் கணக்கிடுவோம். கணக்கு நிறைவுறாவிடில் ஓராண்டு பொறுத்து அனுப்புவோம். தொலைபேசியில் பேசும்போது உணவையும் உடல்நலத்தையும் விசாரிப்பதுபோல், இப்பருவத்தில் எத்தனை பாடம் எடுத்திருக்கிறாய் என்றும் கேட்போம். பாடம் கடினமாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் சினவாமல் செவிகொடுப்போம். வீட்டில் சொல்ல அஞ்சும் பிள்ளை கல்லூரி அலுவலகத்திலும் சொல்லாமல் இருந்துவிடக்கூடும்.