அரியர் வைத்தவருக்கு மாலை நேர எம்.பி.ஏ. கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 33. கோவையில் பி.இ. படித்தேன். 66 சதவீதம், இரண்டாம் ஆண்டில் மூன்று அரியர் வைத்து, பிறகு பாஸ் செய்தேன். இப்போது சான் ஹோசேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் லீட், ஹெச்-1பி விசா. வேலையை விடாமல் பெர்க்லி ஹாஸில் பகுதி நேர எம்.பி.ஏ. படிக்க ஆசை. 2019இல் எழுதிய ஜிமேட்டில் 680. இடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? விசா தடையாகுமா?
– வாசகர், சான் ஹோசே

பதில்: விசாவை முதலில் பார்த்துவிடுவோம். ஹெச்-1பியில் இருப்பவர் வேலையைத் தொடர்ந்தபடியே பகுதி நேரமாகப் படிக்கலாம்; எஃப்-1 வேண்டியதில்லை. ஆனால் மாணவர் விசா இல்லாததால் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதி கிடைக்காது. நடுவில் வேலை போனாலும், வேறு வேலை தேட ஹெச்-1பிக்காரர்களுக்கு உள்ள அதே அதிகபட்சம் 60 நாள் கெடுதான். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பதால் அது நீளாது. வீட்டில் இதைப் பேசிவிட்டு இறங்குங்கள்.

அந்த 680 இனிச் செல்லாது. ஜிமேட் மதிப்பெண்ணுக்கு ஆயுள் 5 ஆண்டுதான். தேர்வே மாறிவிட்டது: கட்டுரையும் வாக்கியத் திருத்தமும் போய், 45 நிமிடம் வீதம் மூன்று பிரிவுகள். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய எண்ணோடு புதியதை ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம், பெர்சன்டைலைப் பாருங்கள். மறுபடி எழுதுங்கள் என்பேன். கல்லூரி விலக்கு தந்தாலும் எழுதுங்கள். அரியர் வைத்தவர் கணக்கில் தேறிவிட்டார் என்று காட்ட அதைவிட நேரான வழி இல்லை. கூடவே டி ஆன்சா போன்ற சமுதாயக் கல்லூரியில் புள்ளியியல் பாடம் ஒன்று எடுத்து ‘ஏ’ வாங்கினால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மார்க்‌ஷீட்டின் கனம் குறைந்துவிடும். விருப்பக் கட்டுரையில் அரியரைப் பற்றி மூன்று வரி போதும். பேராசிரியரைக் குறை சொல்லாதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேதான். முதல் பக்கத்தில் “ரிக்ரஷன் டெஸ்டிங் பொறுப்பு, குழு நிர்வாகம்” என்று யாரும் எழுதக்கூடிய வரிகள். இரண்டாம் பக்கக் கடைசியில், ஒதுக்குப்புறமாக, வெளியீட்டுக்கு முந்தைய சோதனையை ஒன்பது நாளிலிருந்து நான்கு நாளாகக் குறைத்ததாக ஒரு வரி! அதை ஏன் அங்கே ஒளித்து வைத்தீர்கள்? அது முதல் வரியாக வர வேண்டும். யார் எதிர்த்தார்கள், டெவலப்பர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள், மிச்சமான ஐந்து நாளில் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்பதெல்லாம் கட்டுரையில் வரட்டும். சேர்க்கைக் குழு தேடுவது சொல்லாமலே பொறுப்பை எடுத்துக்கொள்பவரை.

பரிந்துரைக் கடிதத்துக்கு வைஸ் பிரசிடென்டிடம் போகாதீர்கள். அந்த நான்கு நாள் கதையைப் பக்கத்திலிருந்து பார்த்த மேலாளரிடம் கேளுங்கள். படிக்கப் போவதைச் சொன்னால் பதவி உயர்வு தள்ளிப்போகுமோ என்று நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். ஆனால் வாரத்தில் சில மாலைகள் சீக்கிரம் கிளம்ப அவர் தயவு எப்படியும் வேண்டும்.

வாய்ப்பு எவ்வளவு? சதவீதம் சொன்னால் அது வெறும் ஊகம். முழு நேரப் படிப்பைவிடப் பகுதி நேரத்தில் பொதுவாகப் போட்டி குறைவு. பெரும்பாலும் அந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களே மனு போடுகிறார்கள். பட்டம் ஒன்றேதான். இன்றைய நிலையில் மனு போட்டால் ஹாஸ் கடினம். புதிய ஜிமேட், திருத்திய ரெஸ்யூமே, மேலாளரின் கடிதம் மூன்றும் சேர்ந்தால் நீங்கள் போட்டியில் இருப்பீர்கள். சான்டா கிளாரா பல்கலையின் மாலை நேர எம்.பி.ஏ.வுக்கும் சேர்த்தே மனு போடுங்கள். அங்கே உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறேன்.

ஹெச்.ஆரிடம் கல்வி உதவித்தொகை உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நிறுவனம் தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்களுக்குக் கூட்டாட்சி வருமான வரி கிடையாது. படித்து முடித்தபின் இத்தனை காலம் வேலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை போடும். லே-ஆஃப் ஆனாலும் திருப்ப வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.