கேபிளைக் கழற்றுமுன்

அன்புள்ள தங்கைக்கு,

மாடுலர் சிந்தசைசரில் நீ கட்டிய பேட்சைச் சாம்பிளருக்குள் கொண்டுவர வேண்டும், கணினியே வாசித்துக் கணினியே பதிவு செய்துகொள்ளட்டும் என்று எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். மாடுலரில் கேபிளைக் கழற்றிவிட்டால் அந்த ஒலி போனதுதான். லாஜிக் ப்ரோவின் ஆட்டோ சாம்பிளர் ஒவ்வொரு சுரமாக மிடியில் அனுப்பும். மிடியை வோல்டேஜாக மாற்றும் மாட்யூல் அதை ஆசிலேட்டருக்குக் கொடுக்கும். திரும்பி வரும் ஒலியை ஆட்டோ சாம்பிளரே வெட்டிக் கட்டைகளில் அடுக்கிவிடும். கை நோகும் வேலையெல்லாம் அதோடு தீர்ந்தது. காது செய்யவேண்டிய வேலையை மட்டும் அதனிடம் விட்டுவிடாதே.

முதலில் கணக்குப் போடு. 61 கட்டைகளில் மூன்றுக்கு ஒன்று என்றால் 21 சுரங்கள். அழுத்தத்துக்கு (வெலாசிட்டி) 3 அடுக்கு, ஒவ்வொன்றிலும் மாறி மாறி ஒலிக்க 4 பதிவு (ரவுண்ட் ராபின்) என்றால் மொத்தம் 252 பதிவுகள். ஒன்றுக்கு 8 விநாடி வைத்தால் ஏறத்தாழ 34 நிமிடம். அத்தனை நேரமும் அனலாக் ஆசிலேட்டர் சுருதியில் நிற்க வேண்டும். ஓர் ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற முறையில் 1 மில்லிவோல்ட் பிசகினாலே 1.2 சென்ட் விலகும். அறையின் சூடு மாறினாலும் விலகும். ஆகவே ராக்கை அரை மணி நேரம் முன்பே போட்டுவை, ஏசியை இடையில் தொடாதே. எல்லாம் முடிந்ததும் முதல் சுரத்தை மறுபடி பதிந்து பழையதோடு ஒப்பிட்டுப் பார்.

அழுத்த அடுக்குகளைக் குறைத்து ரவுண்ட் ராபினைக் கூட்டு என்பேன். ஆசிலேட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், கேட் திறக்கும்போது அலையின் எந்த இடத்தில் பிடிபடும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே சுரத்தை இருமுறை வாசித்தால் இரண்டும் சற்றே வேறாகக் கேட்கின்றன. மாடுலரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் அது செத்துப்போகும். அழுத்தத்தின் வோல்டேஜ் பேட்சில் எங்கும் செருகப்படாவிட்டால் மூன்று அடுக்கும் ஒன்றாகவேதான் இருக்கும், இதையும் பார்த்துக்கொள்.

ஒலியை மெதுவாக அசைக்கும் எல்எஃப்ஓ விஷயத்தில்தான் நீ நிதானித்து முடிவெடுக்க வேண்டும். ஒரு பதிவை ஆறு கட்டை மேலே இழுத்தால், சாதாரணமாகச் சுருதியோடு அதனுள் இருக்கும் அசைவும் 41% வேகமாகிவிடும். வெறும் விப்ராட்டோ என்றால் அதைக் கழற்றிவிட்டுப் பதிந்து, பிறகு சாம்பிளரிலேயே சேர்த்துக்கொள். ஆனால் ஃபில்டரும் வேவ்ஃபோல்டரும் ஒன்றையொன்று துரத்தும் அசைவைச் சாம்பிளரில் அப்படியே திரும்பக் கட்டுவது கடினம். அதற்கு இடத்தையும் நேரத்தையும் பார்க்காதே: கட்டைக்குக் கட்டை, நீளமாகப் பதி.

பதிவு முடிந்த கையோடு கேபிளைக் கழற்றிவிடாதே. அன்றிரவே அந்தச் சாம்பிளரை வைத்து ஒரு பாட்டை முழுதாக வாசித்துப் பார். குறை தெரிந்தால் மறுபடி பதிய பேட்ச் அப்படியே இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்