போர்க்காலப் பிள்ளையைக் கதைக்குள் கொண்டுவருமுன்

கொச்சியின் மட்டாஞ்சேரியிலும் வல்லார்பாடம் தீவிலும் இருந்துகொண்டு தமிழில் துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, இன்றைய கொலைக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டைப் பிரிந்த குழந்தைக்கும் முடிச்சுப் போட நினைக்கிறீர்கள். நல்ல கரு. எழுதுமுன் இவற்றைக் கேளுங்கள்.

1. முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள். 1942-இல் ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்று வயது தொண்ணூறை ஒட்டியிருக்கும். கதையை 1970-களில் வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பழைய முடிச்சை மகனுக்கோ பேத்திக்கோ கொடுங்கள். அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' நாடகம் 1952-இல் மேடையேறியது. வளர்ப்புப் பெற்றோரின் கொடுமையில் பன்னிரண்டு வயது டென்னிஸ் ஓ'நீல் இறந்த 1945-ஆம் ஆண்டு வழக்கிலிருந்து பிறந்த கதை அது. ஏழே வருட இடைவெளி என்பதால் பழிவாங்க வருபவனுக்கு இளமை இருந்தது.

2. லண்டனை இரவல் வாங்காதீர்கள். அங்கே 1939 செப்டம்பரில் அரசாங்கமே பிள்ளைகளின் சட்டையில் பெயர்ச்சீட்டு கட்டி ரயிலேற்றியது. நம் கதை வேறு. 1941 டிசம்பரில் பர்மாவின் ரங்கூனில் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்து வந்தார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். 1942 ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திருகோணமலை என்று ஜப்பானியக் குண்டுகள் விழ, சென்னையிலிருந்து ஜனங்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் குடும்பங்களே அனுப்பின. யார் பிள்ளையை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சர்க்கார் பதிவு கிடையாது. உங்கள் மர்மம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் திருத்தப்பட்ட பிறந்த தேதி, கோயில் ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோராக எழுதப்பட்ட ஒரு அந்நியப் பெயர்: துப்பறிபவர் இவற்றைத் தேடட்டும்.

3. தீவைத் தீவாக எழுதுங்கள். வல்லார்பாடத்தைக் கரையோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் வந்தது 2004-இல். அதற்கு முன் வல்லார்பாடத்தில் கொலை நடந்தால், கடைசிப் படகு போன பிறகு கொலையாளி எப்படி வெளியேறினான் என்பதற்குப் பதில் வேண்டும். சொந்த வள்ளம் யார் யாரிடம் இருந்தது என்று கேட்டாலே பாதி வழக்கு முடியும். 1975-இல் காரோடு வருபவனை எழுதிவிடாதீர்கள்.

4. வீடிழந்த பிள்ளை வளர்ந்து கொலைகாரனாவான் என்று எழுதாதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் கடை வைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். கொலைக்குக் காரணம் அந்தப் பிள்ளையின் நகையையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, பிறகு வெளியே தெரிந்துவிடுமோ என்று நடுங்கும் பெரிய மனிதராக இருக்கட்டும். குற்றம் அங்கேதான் நடந்தது.

5. வீடிழந்த பிள்ளைகள் 1942-இல் மட்டும் இல்லை; பக்கத்திலேயே மூலம்பிள்ளி இருக்கிறது. வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்துக்கான சாலைக்கும் ரயில்பாதைக்குமாக 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரி 6-இல் அங்கே வீடுகளை இடித்தார்கள். இடிபடுவதைப் பார்த்த பிள்ளைகள் இன்று உங்கள் வயதுக்காரர்கள். அவர்களிடம் போனால் கதை கேட்கப் போகாதீர்கள்; பழகப் போங்கள். சொல்ல வேண்டியதை அவர்களே சொல்வார்கள்.

6. 1942-ஐ நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் உங்கள் தெருவில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். நாவலை அடுத்த வருடம் எழுதலாம். அவர்களிடம் இந்த மாதமே போய் உட்காருங்கள்.