நெஞ்சில் நீர் கோத்தவர் வந்தால்

அன்புள்ள இளம் டாக்டருக்கு,

காஞ்சிபுரத்தில் மருத்துவம் பார்க்க உட்கார்ந்தால், பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு தறிக்காரர் நிச்சயம் வருவார். "நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம், எடுத்து விட்டுடுங்க" என்று எக்ஸ்-ரே உறையை நீட்டுவார். அவர் சொல்வது நோயின் பெயர் அல்ல. நீர் நுரையீரலுக்குள்ளா, அதைச் சுற்றிய இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலா என்று முதலில் பாருங்கள். உள்ளே தேங்கியதை ஊசி போட்டு இழுக்க முடியாது.

அவர் காலையும் பாருங்கள். குழித்தறியில் நாளெல்லாம் காலைத் தொங்கவிட்டு மிதிப்பவருக்குக் கால் வீங்கினால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "தறியில உக்காந்தா அப்படித்தான்" என்பார்கள். இதயம் தளர்ந்தாலும், சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டாலும் அதே வீக்கம்தான் வரும். இரவில் எத்தனை தலையணை வைக்கிறார், மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா என்று மனைவியிடம் கேளுங்கள். அவர் மழுப்புவார், அந்த அம்மா சொல்லிவிடுவார்.

செந்தேள் கொட்டினாலும் நுரையீரலில் நீர் கோக்கும். அறிவியல் பெயரிலேயே 'தமுலஸ்' என்று தமிழைச் சுமக்கும் தேள் அது. மகாராஷ்டிரத்தின் மகாட் வட்டாரத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், கொட்டுப்பட்டவர்கள் மூச்சுத் திணறி இறப்பதைக் கண்டு கட்டிலருகிலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். விஷம் ரத்தக் குழாய்களை இறுக்க, இதயம் திணறுகிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிராசோசின் மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. இதை 1986-இல் லான்செட் இதழில் எழுதினார். அவ்வளவையும் கிராமத்தில் இருந்துகொண்டே செய்தார்!

ஒரு பக்கம் மட்டும் சவ்வுகளுக்கு நடுவில் நீர், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு என்றால் காசநோயை நினையுங்கள். சளியில் கிருமி தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எடுத்த நீரில் புரதம், எல்.டி.எச்., ஏ.டி.ஏ., செல் கணக்கு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். புற்றுநோய் செல்லையும் தேடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் அனுப்ப, காரைப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது.

நீரை எடுக்கும்போது அவசரம் வேண்டாம். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகாதீர்கள். அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துவிடும். அவர் விடாமல் இருமத் தொடங்கினாலோ, நெஞ்சு இறுகுகிறது என்றாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதியை நாளைக்கு எடுக்கலாம்.

அன்புடன்,
ஒரு மூத்த மருத்துவர்